அக்குளுக்குள்ளே என்ன இருக்கு?



தலைப்பைப் பார்த்ததும் பாதிப் பேர் சிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை, சிரித்து முடித்துவிட்டு வந்து படியுங்கள். இந்த மாதச் சுவரிதழுக்கு "உடல் உறுப்பு ஒன்றைப் பற்றி எழுதுங்கள்" என்று அறிவியல் டீச்சர் சொன்னதும் இதயம், கண், மூளை எல்லாவற்றையும் எங்கள் வகுப்பில் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். நான் எழுந்து "அக்குள் டீச்சர்" என்றேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "ஏன்?" என்று கேட்டார்கள். சொன்னேன். "அப்ப நீ கட்டாயம் எழுது" என்றார்கள்.

காரணம் எங்க அப்பத்தா. அது 5 மாசமா கக்கத்துக்குள்ள ஒரு கட்டியை வச்சுக்கிட்டு யார்கிட்டயும் சொல்லாம இருந்துச்சு. ஏன் சொல்லலைன்னு கேட்டா, "அந்த இடத்தைப் போயி எப்படித்தா காட்டுறது?" என்று என்னையே திருப்பிக் கேட்டுச்சு.

அந்த இடம் என்றால் என்ன இடம்? அதில் அப்படி என்னதான் இருக்கிறது? இதைத் தெரிந்துகொள்ள நான் அறிவியல் புத்தகம், நூலகப் புத்தகம், டீச்சர், நர்சம்மா எல்லாரையும் தொந்தரவு செய்தேன். தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

பேர் பல உண்டு

புத்தகத்தில் அக்குள். எங்க வீட்டில் கக்கம். எங்க அம்மாச்சி ஊரில் கமுக்கட்டு. கமுக்கூடு என்று சொல்கிறவர்களும் உண்டு. இத்தனை பேர் வைத்திருக்கிறோம், ஆனால் நாலு பேர் முன்னால் ஒரு பேரைக்கூடச் சொல்ல மாட்டோம்.

கக்கம் என்றால் ஒளித்து வைக்கிற இடம் என்றே நமக்குப் பழகிவிட்டது. குடையை இடுக்குவோம், பையை இடுக்குவோம். எங்க தாத்தா காலத்துல இன்னொன்றும் நடந்திருக்கிறது. ஊர்ப் பெரிய மனுஷர் எதிரே வந்தால், ஏழை எளியவர்கள், தாழ்த்தப்பட்டவர்கள் தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஒதுங்கி நிற்கணுமாம். தோளில் துண்டு கிடந்தால் மரியாதைக் குறைவாம்! அப்படி இடுக்கிய துண்டைத் திரும்பத் தோளில் போடுவதற்கே எத்தனையோ பேர் போராடியிருக்கிறார்கள். துண்டு தோளுக்கு வந்துவிட்டது. ஆனால் அக்குளைப் பற்றி நமக்கு இருக்கிற கூச்சம் மட்டும் இன்னும் போகவில்லை.

நாலு சுவர் உள்ள கூடு

அக்குள் என்றால் கைக்குக் கீழே இருக்கிற குழி, அவ்வளவுதான் என்று நான் நினைத்திருந்தேன். அது தவறு. வெளியே தெரிகிற தோல் வெறும் கதவுதான். உள்ளே ஒரு கூடு இருக்கிறது.

கடலைப் பொட்டலத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடியுங்கள். கூர் மேலே, வாய் கீழே. இப்போது அதை நாலு பக்கமும் தட்டையாக அமுக்கினால் ஒரு பிரமிடு கிடைக்கும். அதுதான் அக்குளின் வடிவம். வாயை மூடியிருப்பது நாம் பார்க்கிற தோல்.

1. முன் சுவர்: மார்புத் தசைகள். பெரிய தசை ஒன்று, அதற்கு அடியில் சின்னத் தசை ஒன்று.

2. பின் சுவர்: தோள்பட்டை எலும்பை ஒட்டிய தசைகளும், முதுகிலிருந்து ஏறி வருகிற அகலமான தசையும். கிணற்றில் வாளியைக் கயிறு போட்டு இழுக்கும்போதும், மரம் ஏறும்போதும் நமக்கு உதவுவது இந்த அகலத் தசைதான்.

3. உள் சுவர்: மேலே இருக்கிற விலா எலும்புகளும், அவற்றின்மேல் ரம்பத்தின் பல் மாதிரி ஒட்டியிருக்கிற ஒரு தசையும். நாம் ஒரு வண்டியைத் தள்ளும்போது தோள்பட்டை எலும்பு பின்னால் துருத்திக்கொண்டு வராமல் பிடித்து வைப்பது இது. இந்தத் தசைக்கு வருகிற நரம்பு அடிபட்டால், கையால் சுவரைத் தள்ளும்போது முதுகில் தோள்பட்டை எலும்பு பறவை இறக்கை மாதிரி வெளியே கிளம்பிவிடும்.

4. வெளிச் சுவர்: மேற்கை எலும்பு. நாலில் இதுதான் ரொம்பக் குறுகலானது.

மேலே கூர் இருக்கிறதே, அது மூடியிருக்காது. காறை எலும்பு, முதல் விலா எலும்பு, தோள்பட்டை எலும்பின் மேல் விளிம்பு ஆகிய மூன்றுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. கழுத்துப் பக்கமிருந்து கைக்கு வருகிற பெரிய குழாய்களும் நரம்புகளும் இந்தச் சந்து வழியாகத்தான் நுழைந்து, அக்குள் வழியாகக் கைக்குப் போகின்றன. அதனால்தான் அக்குளைக் கையின் வாசல் என்று நான் சொல்கிறேன்.

செய்து பார்!
ஒரு கையை இடுப்பில் வைத்து நன்றாக அழுத்து. மறு கையால் அக்குளுக்கு முன்னால் இருக்கிற மடிப்பைப் பிடித்துப் பார். கல் மாதிரி இறுகும். அது பெரிய மார்புத் தசை. அடுத்து மேசைமேல் உள்ளங்கையை வைத்துக் கீழ்நோக்கி அழுத்து. இப்போது பின்னால் இருக்கிற மடிப்பு இறுகும். அது முதுகுத் தசை.

உள்ளே போகிற ரத்தக் குழாய்

நம்ம வைகை ஆறு எத்தனை ஊரைத் தாண்டினாலும் வைகைதான். ஆனால் கைக்கு ரத்தம் கொண்டுபோகிற தமனி இடத்துக்கு இடம் பேர் மாறும். காறை எலும்புக்கு அடியில் வரும்போது காறையடித் தமனி. முதல் விலா எலும்பைத் தாண்டியதும் அக்குள் தமனி. அக்குளைத் தாண்டிக் கைக்குள் நுழைந்ததும் மேற்கைத் தமனி. நர்சம்மா கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்ப்பது இந்த மேற்கைத் தமனியில்தான். குழாய் ஒன்றுதான், பேர்தான் வேறு வேறு. கையிலிருந்து ரத்தம் திரும்புகிற சிரையும் இதன் பக்கத்திலேயே ஓடுகிறது.

நான் ஆறாவது படிக்கும்போது நம் பள்ளியில் "மந்திரமா தந்திரமா" நிகழ்ச்சி நடந்தது நினைவிருக்கிறதா? வந்த அண்ணன் "என் நாடியை நான் நிறுத்தப் போகிறேன்" என்றார். எங்க வகுப்புப் பையன் ஒருவன் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே துடிப்பு காணாமல் போய்விட்டது! நாங்கள் பயந்துவிட்டோம். பிறகு அவரே கக்கத்துக்குள்ளிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் காட்டினார். பழத்தைக் கையோடு சேர்த்து அமுக்கினால் அக்குள் தமனி எலும்போடு நசுங்கும். கைக்கு ரத்தம் குறையும். மணிக்கட்டில் துடிப்பு தெரியாது. இதயம் பாட்டுக்கு அடித்துக்கொண்டுதான் இருக்கும். இதைக் காட்டித்தான் சில போலிச் சாமியார்கள் ஊரை ஏமாற்றினார்களாம். (நீங்கள் ரொம்ப நேரம் அமுக்கி விளையாடாதீர்கள். கை மரத்துப் போகும்.)

குழந்தைகளுக்குக் காய்ச்சல் பார்க்கத் தெர்மாமீட்டரைக் கக்கத்தில் வைப்பார்கள் இல்லையா? கையை மூடிக்கொண்டால் அந்த இடம் உடம்புச் சூட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆனாலும் வாயில் வைத்துப் பார்ப்பதைவிட சுமார் அரை டிகிரி செல்சியஸ் குறைவாகவே காட்டும். அதனால் டாக்டரிடம் சொல்லும்போது "கக்கத்துல வச்சுப் பார்த்தோம்" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நரம்புச் சடை

எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். கழுத்துத் தண்டுவடத்திலிருந்து 4 நரம்பு வேர்கள், அதற்குக் கீழே மார்புத் தண்டுவடத்திலிருந்து 1 வேர், ஆக மொத்தம் 5 வேர்கள் கிளம்புகின்றன. அவை நேராகக் கைக்குப் போவதில்லை. ஒன்றோடு ஒன்று சேர்ந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்து, சடை பின்னுகிற மாதிரி பின்னிக்கொண்டு அக்குளுக்குள் வருகின்றன. அங்கே 5 பெரிய நரம்புகளாகப் பிரிந்து கைக்குப் போகின்றன. நான் இப்போது இந்த எழுத்தை எழுதுவதும், நீங்கள் விரலை வைத்துப் படிப்பதும் இந்தச் சடையின் தயவில்தான்.

முழங்கையைக் கதவில் இடித்துக்கொண்டால் ஷாக் அடித்த மாதிரி சுண்டுவிரல்வரை ஓடுமே, அந்த நரம்பும் அக்குள் வழியாகத்தான் வருகிறது. நாற்காலியின் சாய்வுமேல் கையைத் தொங்கப் போட்டுத் தூங்கினால் கை மரத்துப் போவதற்கும் நரம்பு நசுங்குவதுதான் காரணம்.

எங்க தெருவில் ஒரு மாமா கால் முறிந்து, இரண்டு பக்கமும் கட்டை ஊன்றி நடந்தார். உடம்புப் பாரம் முழுவதையும் கக்கத்தில் போட்டுத் தொங்கிக்கொண்டு நடப்பார். கொஞ்ச நாளில் கைவிரல் மதமதப்பாக இருக்கிறது என்றார். ஆஸ்பத்திரியில் "கட்டையின் மேல்முனை கக்கத்தில் முட்டவே கூடாது. 2, 3 விரல் அளவு இடைவெளி இருக்க வேண்டும். பாரத்தை உள்ளங்கைதான் தாங்க வேண்டும்" என்று சொல்லிக் கட்டையின் உயரத்தைக் குறைத்துக் கொடுத்தார்கள். இப்படிக் கவனிக்காமல் விட்டால் நரம்பு கெட்டு, மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கிவிடுமாம். உங்கள் வீட்டில் யாராவது கட்டை ஊன்றி நடந்தால் இன்றைக்கே கவனியுங்கள்.

நெறி கட்டுவது ஏன்?

நம் ஊர்ப் பக்கம் சீமைக்கருவேல் வெட்டாத வீடே கிடையாது. விரலில் முள் ஏறி, அது சீழ் வைத்தால், 2 நாளில் கக்கத்தில் வலிக்கும். "நெறி கட்டிருச்சு" என்போம். முள் குத்தியது விரலில். கட்டுவது ஏன் அக்குளில்?

நம் உடம்பில் ரத்தக் குழாய் மட்டும் இல்லை. நிணநீர்க் குழாய் என்று இன்னொரு குழாய்க் கூட்டமும் இருக்கிறது. திசுக்களுக்குள் கசிந்து தேங்குகிற நீரை அது வாய்க்கால் மாதிரி திரட்டிக் கொண்டுவந்து மறுபடி ரத்தத்தில் சேர்க்கிறது. வழியில் ஆங்காங்கே அவரை விதை மாதிரி சின்னச் சின்ன நிணநீர் முடிச்சுகள் உண்டு. ஓர் அக்குளில் மட்டும் சுமார் 20 முதல் 30 முடிச்சுகள் இருக்கின்றன. செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்திச் சோதிக்கிற மாதிரி, வருகிற நீரில் கிருமி இருக்கிறதா என்று அங்குள்ள வெள்ளை அணுக்கள் சோதிக்கும். கிருமி இருந்தால் சண்டை நடக்கும். வெள்ளை அணுக்கள் பெருகும். முடிச்சு வீங்கும். அதுதான் நெறி. கையிலிருந்து வருகிற நிணநீர் அக்குளுக்கு வருவதால், கைப்புண்ணுக்கு அக்குளில் நெறி கட்டுகிறது. கால்புண்ணுக்குத் தொடை இடுக்கில் கட்டும்.

ஆகவே நெறி ஒரு நோய் இல்லை. "எங்கேயோ கிருமி நுழைந்திருக்கிறது, நான் தடுத்துக்கொண்டிருக்கிறேன்" என்று உடம்பு சொல்கிற செய்தி. அதைப் போட்டு நசுக்கவோ, சூடு போடவோ கூடாது. புண்ணைக் கவனித்தால் நெறி தானே வடியும். புண்ணிலிருந்து கையில் சிவப்பாகக் கோடு ஏறினாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பிறந்த குழந்தைக்கு இடது கையில் காசநோய்த் தடுப்பூசி போடுவார்கள். சில குழந்தைகளுக்கு அப்புறம் இடது அக்குளில் நெறி தட்டுப்படும். அதற்கும் இதே காரணம்தான். பயப்படாமல் நர்சம்மாவிடம் காட்டினால் போதும்.

உங்களுக்குத் தெரியுமா?
1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. அந்த நோயில் அக்குள், கழுத்து, தொடை இடுக்கு ஆகிய இடங்களில் நெறி பெரிதாக வீங்கும். அதனால் ரயிலில் வந்தவர்களின் அக்குளைத் தொட்டுப் பார்த்துச் சோதித்தார்கள். பொது இடத்தில் இப்படிச் செய்ததால் மக்கள், முக்கியமாகப் பெண்கள் விஷயத்தில், மிகவும் கோபப்பட்டார்கள். அக்குளில் இருக்கிற செய்தியும் முக்கியம், அதைப் பார்க்கிற முறையில் மரியாதையும் முக்கியம் என்று இதிலிருந்து எனக்குத் தோன்றியது.

பெண்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது

(பையன்களும் படிக்கலாம். உங்களுக்கும் அம்மா, அக்கா இருக்கிறார்கள்.)

மார்பகத்தின் ஒரு சின்ன வால் பகுதி அக்குள்வரை நீண்டிருக்கும். மார்பகத்திலிருந்து வருகிற நிணநீரில் முக்கால் பங்குக்கு மேல் அக்குள் முடிச்சுகளுக்குத்தான் வருகிறது. அதனால் மார்பகத்தில் புற்றுநோய் வந்தால் அது பரவும்போது பெரும்பாலும் முதலில் சேருவது அக்குளில்தான். அக்குளில் வலி இல்லாமல் ஒரு கட்டி வந்தால் டாக்டர்கள் மார்பையும் சேர்த்துச் சோதிப்பது இதனால்தான். அது அசிங்கம் இல்லை, சோதனை. இந்த நோய் அபூர்வமாக ஆண்களுக்கும் வரும்.

சென்னை அடையாறில் 1954-இல் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாகிற வாய்ப்பு அதிகம். காலம் கடத்துவதுதான் ஆபத்து.

எல்லாக் கட்டியும் புற்றுநோய் கிடையாது, பெரும்பாலானவை கிடையாது. ஆனால் 2, 3 வாரத்துக்கு மேல் வடியாத கட்டி, வளர்ந்துகொண்டே போகிற கட்டி, கெட்டியாக அசையாமல் இருக்கிற கட்டி, கூடவே சாயங்காலக் காய்ச்சலோ உடம்பு இளைப்போ இருந்தால், கட்டாயம் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வேர்வையும் வாடையும்

இப்போது ஓர் உண்மையைச் சொல்லப் போகிறேன். போன கோடையில் கணக்கு வகுப்பில் ஒரு கேள்விக்கு எனக்கு மட்டும் விடை தெரியும். ஆனாலும் நான் கையைத் தூக்கவில்லை. ஏனென்றால் என் சட்டையில் அக்குள் பக்கம் வட்டமாக ஈரம். முந்தின நாள்தான் ஒருத்தி மூக்கைப் பொத்திக் காட்டியிருந்தாள். விடை நெஞ்சுக்குள்ளேயே நின்றுவிட்டது. அன்றைக்கு முழுக்க எனக்கு அழுகையாக வந்தது.

அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். நம் தோலில் இரண்டு வகை வியர்வைச் சுரப்பிகள் உண்டு. ஒன்று உடம்பு முழுக்க இருப்பது. உப்புத் தண்ணீர் மாதிரி வேர்வையை விட்டு உடம்பைக் குளிர வைக்கும். மற்றொன்று அக்குள் போன்ற சில இடங்களில் மட்டும் அதிகமாக இருப்பது. அது சின்ன வயசில் தூங்கிக்கொண்டிருக்கும். நம் வயசு வந்ததும், வளரிளம் பருவத்தில் விழித்துக்கொள்ளும். கொழுப்பும் புரதமும் கலந்த கெட்டியான வேர்வையை விடும். பயம், பதற்றம் வந்தாலும் அக்குள் வேர்க்கும். பரீட்சை அன்றைக்கு நிழலில் உட்கார்ந்திருந்தாலும் வேர்ப்பது இதனால்தான்.

ஆச்சரியம் என்னவென்றால், புதிதாக வருகிற வேர்வைக்கு வாடையே இல்லை! தோல்மேல் வாழ்கிற பாக்டீரியாக்கள் அதைத் தின்று உடைக்கும்போதுதான் வாடை வருகிறது. அக்குள் இருட்டு, ஈரம், கதகதப்பு. பாக்டீரியாவுக்கு அது மாளிகை. அதனால் வாடை வந்தால் நாம் அசுத்தமானவர்கள் என்று அர்த்தம் இல்லை. நமக்கு வயசு வந்திருக்கிறது என்று அர்த்தம்.

என்ன செய்யலாம்?

• தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, துண்டால் ஈரம் போகத் துடைக்கணும். ஈரத்தோடு சட்டை போடக் கூடாது.
• போட்ட சட்டையை அலசாமல் மறுநாள் போடக் கூடாது. ஒரே ஒரு செட் இருந்தால் ராத்திரி அக்குள் பக்கம் மட்டுமாவது சோப்புப் போட்டு அலசிக் காயப் போடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.
• பருத்தித் துணி நல்லது.
• எலுமிச்சம்பழம் தேய்க்காதீர்கள். தோல் எரியும், வெயில் பட்டால் புண்ணாகிவிடும்.
• முடி வளர்வது இயற்கை. எடுப்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். எடுக்காவிட்டால் நோய் வரும் என்பது இல்லை. ஒருவர் பிளேடை இன்னொருவர் பயன்படுத்தவே கூடாது.
• அரிப்போடு வட்டமாகப் படர்தாமரை வந்தால் கடையில் கேட்டு ஏதோ ஒரு களிம்பைத் தடவாதீர்கள். சில களிம்புகள் முதலில் அடங்குகிற மாதிரி காட்டிப் பிறகு அதிகமாக்கிவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

அக்குள் கறுப்பாக இருந்தால் அழுக்கு என்று நினைத்து நார் போட்டுத் தேய்க்கிறார்கள். உராய்வினாலேயே அந்த இடம் கறுக்கும், தேய்த்தால் இன்னும் கறுக்கும். ஆனால் அக்குளும் பிடரியும் கறுத்து, தடித்து, வெல்வெட் துணி மாதிரி ஆனால் அது சில சமயம் சர்க்கரை நோய் வரக்கூடும் என்பதற்கு அறிகுறி. அதற்குத் தேவை கிரீம் இல்லை, டாக்டர்.

கிச்சுக்கிச்சு

அக்குளில் யாராவது விரலை வைத்தால் போதும், சிரிப்பு வந்துவிடும். ஆனால் நம் விரலை நாமே வைத்தால் வராது. ஏன்? நம் கை எங்கே தொடப் போகிறது என்று சிறுமூளை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுகிறது. எதிர்பார்த்த தொடுதலுக்குக் கூச்சம் வராது. அடுத்தவர் கை எப்போது எங்கே படும் என்று தெரியாததால்தான் கூச்சம்.

அப்பத்தா கதையின் மீதி

அப்பத்தா களை எடுக்கப் போகும்போது ஒரு கையை உடம்போடு ஒட்டாமல் விலக்கி வைத்தே நடந்துச்சு. ராத்திரி லேசாகக் காய்ச்சல். சேலையில் இழுத்து இழுத்து மூடிக்கொள்ளும். ஒருநாள் தலை துவட்டக் கையைத் தூக்க முடியாமல் "ஆ"ன்னுச்சு. நான் ஓடிப்போய் பார்த்தேன். நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. பக்கத்தில் இன்னும் இரண்டு சின்னது.

"யார்கிட்டயும் சொல்லாதத்தா. அதுவா அமுங்கிரும்" என்றது. நான் கேட்கவில்லை. சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அப்பத்தா என்னோடு 2 நாள் பேசவில்லை. நர்சம்மா வீட்டுக்கு வந்து, "ஆத்தா, நான் பாக்காத கக்கமா? கையத் தூக்குங்க" என்றார்கள். அப்புறம்தான் தூக்குச்சு.

அரசு மருத்துவமனையில் மார்பையும் சோதித்தார்கள். மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பரிசோதித்தார்கள். முடிவு வருவதுவரை எங்க வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. புற்றுநோய் இல்லை. நிணநீர் முடிச்சில் காசநோய். காசநோய் நுரையீரலில் மட்டும்தான் வரும் என்று நான் நினைத்திருந்தேன். முடிச்சுகளிலும் வருமாம். அப்படி முடிச்சில் மட்டும் இருந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒட்டாதாம். "6 மாதம் ஒருநாள்கூட விடாமல் மாத்திரை சாப்பிட்டால் குணமாகும்" என்றார் டாக்டர். மாத்திரை இலவசம்.

இப்போது 4 மாதம் முடிந்திருக்கிறது. கட்டி சுண்டைக்காய் அளவுக்கு வற்றிவிட்டது. காலண்டரில் மாத்திரை போட்ட தேதியை நான்தான் டிக் செய்கிறேன். போன வாரம் கொல்லைப்புறத்துக் கொடியில் அப்பத்தா தானே கையைத் தூக்கித் துணி காயப் போட்டுச்சு.

5 மாதம் முன்பே சொல்லியிருந்தால் அத்தனை நாள் வலி மிச்சம். "இனிமே எங்க கட்டி வந்தாலும் சொல்லணும்" என்றேன். "சொல்றேன் சொல்றேன். நீ ஊருக்கே சொல்லிப்புட்டேல்ல" என்று சிரிச்சுச்சு. (இந்தக் கட்டுரை எழுத அப்பத்தாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.)

கடைசியாக ஒன்று

போன வாரம் அறிவியல் டீச்சர் கரும்பலகையின் உச்சியில் எழுதக் கையைத் தூக்கினார்கள். அவர்கள் ஜாக்கெட்டிலும் வட்டமாக ஈரம் இருந்தது. டீச்சர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பாட்டுக்குப் பாடம் நடத்தினார்கள். (டீச்சர், மன்னிக்கவும்!) மண்வெட்டி பிடிக்கிற எங்க அப்பா சட்டையிலும் அதே வட்டம்தான். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கிற எல்லாருக்கும் அதே வட்டம்தான்.

அதனால் தோழிகளே, விடை தெரிந்தால் கையைத் தூக்குங்கள். யாராவது மூக்கைப் பொத்தினால் "உனக்கும்தான் இருக்கு" என்று சொல்லுங்கள். கட்டி தட்டுப்பட்டால் அம்மாவிடமோ டீச்சரிடமோ நர்சம்மாவிடமோ அன்றைக்கே சொல்லுங்கள். நானும் இப்போது கையைத் தூக்குகிறேன். நேற்று தூக்கினேன், விடைதான் தப்பு!

மூளைக்கு வேலை

1. விரலில் முள் குத்தினால் அக்குளில் நெறி கட்டுவது ஏன்?
2. அக்குளின் நாலு சுவர்களில் குறுகலானது எது?
3. புதிய வேர்வைக்கு வாடை உண்டா?
4. எலுமிச்சம்பழத்தால் நாடியை "நிறுத்துவது" எப்படி?

விடைகளைத் துண்டுத் தாளில் எழுதி, பேர், வகுப்பு போட்டு, தலைமையாசிரியர் அறைக்கு வெளியே இருக்கிற பெட்டியில் வெள்ளிக்கிழமைக்குள் போடவும். எல்லாம் சரியாக எழுதுகிறவர்களுக்கு எங்க அப்பத்தா வறுத்த கடலை பரிசு. பொட்டலம் மடித்துத் தருவேன், அதைக் கவிழ்த்துப் பிடித்து அக்குளின் வடிவத்தையும் பார்த்துக்கொள்ளலாம்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி